கரையுற நூலும் கரையாத நூலும்

கேட்கட்னு ஒரு நூல் இருக்கு. ஆபரேஷன்ல உள்தையல் போடுறது. பேரைக் கேட்டதும் "பூனைக் குடலா?"ன்னு முகத்தைச் சுளிச்சவங்க எல்லாரும் கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க. பூனைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆட்டுக் குடலோட உள்படலத்தையோ மாட்டுக் குடலோட வெளிப்படலத்தையோ உரிச்சு, சுத்தம் பண்ணி, முறுக்கி, காயவெச்சு செய்யுற நூல் அது.

இதை எங்கம்மாகிட்ட சொன்னப்போ ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் கேட்டாங்க: "அப்ப மாட்டு வயித்த மாட்டுக் கொடல வெச்சே தெக்கிறீங்களா?"

ஆமாம்னு சொல்றதைத் தவிர வேற என்ன பதில் இருக்கு?

முன்னாடியே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. எங்க ஊர் ஒலக்கூர். திண்டிவனத்துலேர்ந்து சென்னை போற லைன்ல பாசஞ்சர்ல ஏறினா பாஞ்சாலம் தாண்டி வரும். என்கூடப் படிச்சவன் ஒருத்தன் கால்நடை டாக்டர், வேப்பேரி காலேஜ்ல படிச்சவன். 1903ல ஆரம்பிச்ச காலேஜ் அதுன்னு பெருமை பேசலைன்னா அவனுக்கு அன்னிக்கு சோறு இறங்காது. ஞாயித்துக்கிழமை அவன் எங்க பக்கம் கேஸ் பார்க்க வந்தா நான்தான் கூடப் போவேன். எனக்கு ரெண்டு வேலை. டார்ச் பிடிக்கிறது, நூல் பாக்கெட்டைப் பிரிக்கிறது. பல வருஷம் பாக்கெட் பிரிச்ச அனுபவத்துலயும், வண்டியில திரும்பி வரும்போது நான் கேட்ட கேள்விகளுக்கு அவன் திட்டிக்கிட்டே சொன்ன பதில்கள்லயும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. தப்பு இருந்தா அவனைத்தான் கேட்கணும் :-)

அவன் பை ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கலர் கலரா பாக்கெட். மஞ்சள்னா சாதா கேட்கட், பிரவுன்னா குரோமிக் கேட்கட், ஊதான்னா விக்ரில், வெளிர்நீலம் பட்டு, பச்சை நைலான். முதல் தடவை பார்த்தப்போ 'நூல்னா நூல்தானே, இதுக்கு எதுக்கு இத்தனை வகை'ன்னுதான் யாருக்கும் தோணும். எங்கம்மாவுக்கும் அதான் தோணுச்சு. அதுவும் நேரங்கெட்ட நேரத்துல.

2022 ஐப்பசி. விடாத மழை. எங்க செவலை, ஜெர்சி கலப்பு, ரெண்டாம் ஈத்து, மல்லாட்டக் கொல்லை ஓரம் கட்டியிருந்த முள்கம்பியைத் தாண்டப் போய் பின்பக்கக் காம்பைக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னுது. கீழேர்ந்து மேலா ரெண்டு அங்குலத்துக்கு வாய் பிளந்து கெடக்கு. ரத்தத்தோட பாலும் சேர்ந்து ஒழுகுது. மாடு வளர்க்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. காம்பு கிழிஞ்சு பக்கவாட்டுல ஓட்டை நின்னுடுச்சுன்னா அந்த மடிப்பக்கத்துப் பால் எந்நேரமும் தானா சொட்டிக்கிட்டே இருக்கும். அந்த ஓட்டை வழியா கிருமி ஏறி மடிவீக்கம் வரும். அப்புறம் அந்தக் கால்மடி போச்சு. நாலுல ஒண்ணு போனா சொசைட்டிக்கு ஊத்துற பாலும் நாலுல ஒண்ணு போச்சு. எங்கம்மா கையில சொந்தமா புழங்குற ஒரே காசு அந்தப் பால் காசுதான்.

மாப்ள வந்து பார்த்தான். "நல்லவேளை நெடுக்க கிழிஞ்சிருக்குடா. குறுக்க கிழிஞ்சிருந்தா கஷ்டம்"னான். காம்புல ரத்தக்குழாய் மேலேர்ந்து கீழே நெடுக்காதான் ஓடுதாம். நெடுக்கக் கிழிஞ்சா ரெண்டு பக்கத்துக்கும் ரத்தம் வந்துக்கிட்டு இருக்கும், ஆறிடும். குறுக்க அறுந்தா கீழ்த்துண்டு பட்டினி. மாட்டைக் கட்டி, காம்போட அடியில சுத்தி மரத்துப்போற ஊசி போட்டு, கழுவி, டப்பாவைத் திறந்தான். ஒரு பாக்கெட்டை எடுக்கிறான், வெச்சுடுறான். இன்னொண்ணை எடுக்கிறான், நம்பரைப் பார்க்கிறான்.

அம்மாவுக்குப் பொறுக்கல. "தம்பி, உள்ள தையல் மிஷின் நூலு புதுக்கண்டு ஒண்ணு கீது. மீனு புடிக்கிற நரம்பு கூட கீது. சுடுதண்ணில போட்டுத் தரட்டுமா?"

"நரம்பு கேட்டீங்க பாருங்க, அது பாதி சரிம்மா" அப்படின்னான் அவன், தலையைத் தூக்காமலே.

மரக்காணம் பக்கம் தூண்டில்ல கட்டுறாங்களே அந்த நரம்பும், ஆஸ்பத்திரி நைலானும் ஒரே ஜாதி. ஒத்தை இழை, வழுவழுன்னு. ஒத்தை இழைக்குள்ள இடுக்கே கிடையாது, தண்ணி ஏறாது, கிருமியும் ஏறாது. மிஷின் நூல் அப்படி இல்ல, பல இழை சேர்த்து முறுக்கினது. அகல் விளக்குல திரி எப்படி எண்ணெயை மேலே இழுக்குதோ அப்படி, தோல்மேல இருக்கிற அழுக்குத்தண்ணியை உள்ளே இழுத்துக் கொடுக்கும். அதுல இன்னொரு சூட்சுமமும் இருக்கு. கிருமிங்க ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் சைஸ். அதைப் பிடிச்சுத் தின்ன வர்ற நம்ம ரத்த வெள்ளையணு பத்து மைக்ரானுக்கு மேல. இழைக்கும் இழைக்கும் நடுவுல இருக்கிற சந்துல கிருமி நுழைஞ்சுக்கும், போலீஸ் நுழைய முடியாது! தெருவுல புல்லட்டை நிறுத்திட்டு நிக்க வேண்டியதுதான்.

ஆனா ஒத்தை இழையிலயும் குறை இருக்கு. நைலானுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. பாக்கெட்ல எப்படிச் சுருண்டு படுத்திருந்ததோ அப்படியே திரும்பப் பார்க்கும். முடிச்சு போட்டா வழுக்கும். அதனால நாலஞ்சு முடிச்சா போடணும். பட்டு நூல் இதுக்கு நேர் எதிர். கைக்கு அப்படி ஒரு இதம், போட்ட முடிச்சு போட்ட இடத்துல நிக்கும். (ஆபரேஷன் பட்டும் காஞ்சிபுரம் பட்டும் ஒரே மல்பெரிப் புழுதாங்க. ரெண்டுலயும் மேல இருக்கிற கோந்தை எடுத்துட்டுதான் உபயோகிக்கிறாங்க. கல்யாணச் சேலைக்கு ஒரு கூட்டுப்புழு, மாட்டுக்கு ஒண்ணு!) ஆனா பட்டு பின்னல் நூல். மூத்திரப்பைக்குள்ள அதைப் போட்டா அதைச் சுத்தியே கல்லு கட்டும். நூல் கல்கண்டு பார்த்திருக்கீங்கல்ல, நடுவுல நூல் ஓடுமே, அதே கதைதான்.

செவலைக்கு வருவோம். மூணு அடுக்கா தைச்சான். காம்புக்குள்ள பால் வர்ற குழாயோட மெல்லிசு தோலை ஊசி குத்திடவே கூடாது. குத்தினா அந்த ஓட்டை வழியாவே பால் கசிய ஆரம்பிக்கும். அதுக்கு ஒட்டின அடுக்கை மட்டும் பிடிச்சு, கரையுற நூல்ல, 4-0 சைஸ்ல தைச்சான். இந்த நம்பர் விவகாரம் ஒரு தமாஷ். பூஜ்யம் ஏற ஏற நூல் மெலிசாகும். 2-0ன்னா ரெண்டு பூஜ்யம், 4-0ன்னா நாலு பூஜ்யம், அது கால் மில்லிமீட்டர்கூட தேறாது. பூஜ்யம் இல்லாத 1, 2, 3 எல்லாம் தடி நூல், மாட்டு வயித்துத் தசைக்கு. ஆரம்பத்துல ஒண்ணுலேர்ந்துதான் நம்பர் வெச்சிருக்காங்க. அப்புறம் அதைவிட மெலிசா நூற்க வந்ததும் நம்பர் தீர்ந்துபோய் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிட்டாங்க. தூரத்துல அம்மா கையில வெச்சிருந்த மிஷின் நூல்கண்டைப் பார்த்து, "இதைவிட மெல்லிசா கீதே, தாங்குமா?"ன்னாங்க. தாங்கணும். தோலுக்கு நைலான், தனித்தனித் தையலா போட்டான்.

ஏன் உள்ளே கரையுறது, வெளியே கரையாதது? வெளித்தையலைப் பத்து நாள்ல கத்தரிச்சு எடுத்துடலாம், உள்தையலை யாரு போய் எடுக்கிறது? இது எல்லாரும் சொல்ற பதில். மாப்ளை சொன்ன பதில் வேற. "நூல் எவ்ளோ நாள் இருக்கும்ங்கிறது முக்கியமில்லடா. எவ்ளோ நாள் பிடிக்கும்ங்கிறதுதான் முக்கியம்"னான். ரெண்டும் ஒண்ணு இல்லையாம். சாதா கேட்கட் முழுசா கரைஞ்சு காணாமப்போக ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். ஆனா ஏழு நாள், பத்து நாள்லயே அதோட பிடி விட்டுப்போகும். குரோமிக்கா இருந்தா ரெண்டு மூணு வாரம் பிடிக்கும். விக்ரில் ரெண்டு வாரத்துல முக்கால் பங்கு பலத்தோடயும் மூணு வாரத்துல பாதி பலத்தோடயும் நிக்கும். பி.டி.எஸ்.னு ஒண்ணு, நாலு வாரம் ஆனாலும் பாதி பலம் இருக்கும், முழுசாப் போக ஆறு மாசம். இந்தக் கணக்கை ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு, தைக்கிற சதை ஆற எத்தனை நாள் எடுக்கும்னு இன்னொரு பக்கம் பார்த்து, ரெண்டையும் பொருத்துறதுதான் டாக்டரோட வேலை. கைவேலை எல்லாம் அதுக்கப்புறம்.

கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாம் சீக்கிரம் ஆறுற ஜாதி, ரெண்டு மூணு வாரத்துல வேலை முடிஞ்சுடும். வயித்து நடுக்கோட்டுல தசையைச் சேர்த்துப் பிடிக்கிற வெள்ளைப் பட்டை இருக்கே, அது சோம்பேறி. அம்பது நாள் ஆனாலும் தோராயமா பாதி பலம்தான் வந்திருக்கும். ஒரு கன்னுக்குட்டியைக் காட்டினான் ஒரு தடவை. தொப்புள்ல குடலிறக்கம். வேற ஏதோ ஊர்ல யாரோ ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, தையலும் அழகாதான் போட்டிருக்காங்க. ஆனா உள்ளே போட்டது கேட்கட். மூணாவது வாரம் கன்னு துள்ளிக் குதிச்சிருக்கு, பழையபடி பந்து மாதிரி தொங்கிடுச்சு. சதை ஆற அம்பது நாள் கேட்குது, நூல் இருபது நாள்ல கைகழுவிட்டுப் போயிடுச்சு. அந்தக் கன்னை மறுபடி அறுத்து பி.டி.எஸ். வெச்சுத் தைச்சான். அது பிழைச்சுது. ஆனா அந்த வீட்டம்மா ஒரே கன்னுக்கு ரெண்டு தடவை செலவு பண்ணாங்க.

அப்படின்னா எப்பவும் ரொம்ப நாள் நிக்கிற நூலையே போட்டுட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். பதிலுக்கு ஒரு பெண் நாயோட விலாவைக் காட்டினான். கருத்தடை பண்ணி பல மாசம் கழிச்சு விலாவுல ஒரு ஓட்டை, சீழ் வருது, மாத்திரை குடுத்தா நிக்குது, விட்டா மறுபடி வருது. உள்ளே திறந்து பார்த்தா சினைப்பை ரத்தக்குழாயைக் கட்டின இடத்துல பின்னல் நூல் முடிச்சு ஒண்ணு. கரையாத நூல். அதோட வேலை ரெண்டு வாரத்துல முடிஞ்சுபோச்சு, ஆனா அது போகலை. சந்துல கிருமியைக் குடிவெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. முடிச்சை எடுத்ததும் ஓட்டை மூடிக்கிச்சு. மாட்டு டாக்டர்களுக்குன்னே ரீல்ல சுத்தி வர்ற வெட்டாஃபில்னு ஒரு நூல் இருக்கு. பல இழை முறுக்கி மேலே உறை போட்டது, நல்ல பலம். ஆனா தோலுக்கு மட்டும்தான். உள்ளே புதைச்சா இதே கதி.

கேட்கட்டுக்கு வருவோம். அதைத் திட்டுறவங்க அதிகம். உடம்பு அதைத் தின்னுதான் கரைக்குது, அதனால சுத்திலும் வீக்கம் ஜாஸ்தி. சீழ் இருக்கிற இடத்துல, வயித்துச் சாறு படுற இடத்துல கணக்கில்லாம சீக்கிரம் போயிடும். ஈரம் பட்டா ஊறி முடிச்சு தளரும், அதனால நுனியைக் கால் அங்குலம் நீளமா விட்டு வெட்டணும். விக்ரில் மாதிரி செயற்கை நூலுக்கு இந்தத் தொல்லை இல்ல. அது தயிர்ல புளிப்புக்கு இருக்கே லாக்டிக் அமிலம், அதோட உறவுக்காரப் பொருள்ல செஞ்சது. உடம்புல இருக்கிற தண்ணியே அதைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுடும், எத்தனை நாள்னு கணக்கு சொல்லலாம். மாட்டுப் பைத்திய நோய் பயத்துல 2001ல ஐரோப்பாவுல மனுஷங்களுக்குக் கேட்கட் போடுறதையே நிறுத்திட்டாங்க.

இருந்தாலும் கேட்கட் பாக்கெட் பிரிக்கும்போது வர்ற அந்த ஸ்பிரிட் வாசனை எனக்குப் பிடிக்கும். காய்ஞ்சா ஒடிஞ்சுடும்னு ஆல்கஹால்ல ஊறவெச்சு அடைச்சிருப்பாங்க. குரோமிக்னா என்ன தெரியுமா? ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதப்படுத்துறாங்களே, அதே குரோமியம் உப்புதான். தோல் மக்காம இருக்க என்ன பண்ணுதோ அதையேதான் குடலுக்கும் பண்ணுது, கரையுறதைத் தள்ளிப்போடுது.

இன்னொண்ணு. உடம்புக்குள்ள விட்டாலும் இந்த நூல் கெடுதல் பண்ணாம கரைஞ்சு மறையும்னு முதல்ல நிரூபிச்சது ஒரு கன்னுக்குட்டி மேலதான். ஜோசப் லிஸ்டர், கிருமிநாசினி போட்டு ஆபரேஷன் பண்ணணும்னு உலகத்துக்குச் சொன்னவர், 1868 டிசம்பர் கடைசியில கார்பாலிக்ல ஊறின கேட்கட்டால ஒரு கன்னுக்குட்டியோட கழுத்து ரத்தக்குழாயைக் கட்டினார். ஒரு மாசம் கழிச்சுத் திறந்து பார்த்தா நூல் இருந்த இடத்துல உயிருள்ள சதை வளர்ந்திருக்கு. 1869ல அதை எழுதி வெளியிட்டார். மனுஷனுக்குக் கேட்கட் தையல் போட்டவங்க எல்லாரும் அந்தக் கன்னுக்குட்டிக்குக் கடன்பட்டவங்க. சுஸ்ருத சம்ஹிதையில குடல் கிழிசலைப் பெரிய கருப்பு எறும்பைக் கடிக்கவிட்டு மூடுறது வருது. நம்ம பதிற்றுப்பத்துல, அஞ்சாம் பத்துல, போர்க்காயத்தைத் தைச்ச நீண்ட வெள்ளை ஊசியைக் குளத்துல முங்கி எழுற மீன்கொத்தியோட ஒப்பிட்டிருக்கார் பரணர். சதைக்குள்ள போய் வெளியே வர்ற ஊசியைப் பக்கத்துல நின்னு பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். என்ன நூல்னுதான் சொல்லாம போயிட்டார். மாப்ளைகிட்ட சொன்னேன். "சைஸாவது சொல்லியிருக்கலாம்"னான்.

காசு விஷயத்துக்கு வராம இதை முடிக்க முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீட்டுல கன்னு வெளியே வரலைன்னு போனோம். மாடு நின்னபடியே இடது விலாவைத் திறந்தான். அந்தப் பக்கம் பெரிய வயிறு இருக்கிறதால குடல் வெளியே சரியாதாம். கர்ப்பப்பையில போட்ட வெட்டு முழங்கை நீளம். ஒரு கேட்கட் பாக்கெட்ல நூல் முக்கால் மீட்டர், அந்த ஒரு வரிசைக்கே பத்தாது. அப்புறம் தசை ரெண்டு அடுக்கு, அப்புறம் தோல். எல்லாத்துக்கும் உசத்தி நூல்தான் போடுவேன்னா, அது கேட்கட்டைவிட பல மடங்கு விலை, வீட்டுக்காரர் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுறதைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சுடுவார். அங்கேதான் கேட்கட்டோட அருமை தெரிஞ்சுது. கன்னு போட்ட அன்னிக்கு எட்டு ஒன்பது கிலோ இருக்கிற கர்ப்பப்பை ஒரு மாசத்துல ஒரு கிலோவா சுருங்கிடும். அவ்ளோ வேகமா சுருங்கி ஆறுற உறுப்புக்கு ரெண்டு வாரம் பிடிக்கிற குரோமிக் போதும். முடிச்சும் நூலும் வெளியே தெரியாதபடி சாய்ச்சுச் சாய்ச்சுத் தைச்சான். நூல் வெளியே தெரிஞ்சா அதுல குடல் வந்து ஒட்டிக்கும், அடுத்த சினை நிக்காதாம். ஹாலந்துல யூட்ரெக்ட்ங்கிற ஊர் பேர்ல அந்தத் தையலைச் சொல்றாங்க. தோலுக்குத் தடி நைலான். வீட்டுக்காரர் கைல டார்ச்சைக் குடுத்துட்டு நான் வெளியே வந்து மூச்சு விட்டப்போ மணி ஒண்ணரை. கன்னு உயிரோட இல்ல. மாடு பிழைச்சுது. மறு வருஷம் சினை நின்னு, தானாவே ஈன்னுது.

செவலைக்குப் பத்தாம் நாள் தையல் பிரிச்சான். அதுவரைக்கும் அந்தக் காம்புல கையால கறக்கவே கூடாதுன்னு சின்னக் குழாய் விட்டுதான் பால் எடுத்தோம். பிரிச்சப்போ லேசா ஒரு கோடு, அவ்ளோதான். கசிவு இல்ல. முன்ன கறந்ததுக்கு அரைக்கால் லிட்டர் குறைவு அந்தக் காம்புல. அம்மா இன்னிக்கும் அதை மாப்ளைகிட்ட சொல்லிக்காட்டுவாங்க.

மாடு வெச்சிருக்கிறவங்களுக்காக அவன் எழுதச் சொன்னது இது. காம்பு கிழிஞ்சா மஞ்சள், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் எதையும் அப்பாதீங்க. அதை எல்லாம் சுரண்டி எடுத்துட்டுதான் தைக்கணும், சுரண்டுறதுல நல்ல சதையும் போகும். கயிறு, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்காதீங்க. சுத்தமான தண்ணி ஊத்திக் கழுவி, சுத்தமான துணியைச் சுத்திட்டு, உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க, இல்ல 1962க்கு போன் பண்ணுங்க. காலையில பட்ட காயத்தைச் சாயங்காலம்னு தள்ளாதீங்க. அன்னிக்கே தைச்சா ஒட்டும், மறுநாள் ஆனா எந்த நூல் போட்டாலும் சந்தேகம்தான். டாக்டர் வந்து தையல் பிரிக்கிற வரைக்கும் கன்னை அந்தக் காம்புல விடாதீங்க. அது நூலையும் சேர்த்துச் சப்பும்.